தண்ணீர் லைனைத் துண்டிக்கலாமா, கேட்டைப் பூட்டலாமா? நலச்சங்கச் செயலாளர் ஒருவருக்குப் பதில்

நாகர்கோவில் மாநகராட்சியின் ஓரத்தில் இருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து, அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

2004-ல் வயலை நிரவி மனை போட்டு விற்ற இடம். அப்போது பேரூராட்சி, இப்போது மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டது. 68 வீடுகள். கால்வாசி வீட்டுக்காரர்கள் வளைகுடாவில். சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில வீடுகளில் வாடகைக்கு ஆள் இருக்கிறது, அவர்களில் பலர் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் செவிலியர்கள். 2009-ல் குடியிருப்போர் நலச்சங்கம் என்று பதிவு செய்தார்கள். பொதுவில் ஒரு போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி, 2017-ல் ஒக்கிப் புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்த பிறகு எல்லோரும் சேர்ந்து வாங்கிய ஜெனரேட்டர், ராத்திரிக் காவலுக்கு ஒருவர். மாதச் சந்தா 400 ரூபாய்.

எட்டு வருடமாக ஒரே தலைவர், ஒரே பொருளாளர், தேர்தல் என்ற பேச்சே இல்லை. இந்த மே மாதம் கூட்டம் கூடி, டீச்சர் இருந்தால்தான் சரிப்படும் என்று இவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பொறுப்புக்கு வந்த பிறகுதான் சங்கப் பணம் பழைய பொருளாளரின் சொந்த சேமிப்புக் கணக்கில் இருப்பது தெரிகிறது. கணக்கு நோட்டைக் கேட்டால், "மோட்டார் ரிப்பேருக்கும் டீசலுக்கும்தான் போச்சு, பில் எல்லாம் எங்கேயாவது கிடக்கும்" என்கிறாராம். 13 வீடுகளில் இரண்டு வருடச் சந்தா பாக்கி. புதிய நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் ஒரு தாளில் தீர்மானங்களை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்: பாக்கி வைத்த வீடுகளுக்குத் தண்ணீர் லைனைத் துண்டிப்பது, அவர்கள் பெயரை வாசல் போர்டில் எழுதுவது, கேட்டை இரவு 9 மணிக்குப் பூட்டி, பின்பக்கத்து ஊர்க்காரர்கள் குளத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடந்து போவதை நிறுத்துவது, தனியாகத் தங்கும் பெண்களுக்கும் பையன்களுக்கும் யாரும் வீடு கொடுக்கக் கூடாது என்பது, பூங்காவுக்கு விட்ட 38 செண்டில் ஒரு மூலையில் சங்க மண்டபம் கட்டுவது.

"நான் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு கேஸ் என் மேல் வருமா? பென்ஷனுக்கு ஆபத்து உண்டா? பேசாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடவா?" என்று முடித்திருக்கிறார்.

டீச்சர், கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ராத்திரி தூக்கம் போவது அதனால்தான் என்று எழுதியிருக்கிறீர்களே. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாவும் இப்போது வேண்டாம். அரசு ஓய்வூதியத்தை சிவில் நீதிமன்றக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது, சட்டமே அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே சங்கக் கடனுக்காகப் பென்ஷன் போய்விடும் என்ற பயத்தை இன்றோடு விடுங்கள். பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில், பைலாவுக்கு (சங்கத்தின் விதிகளுக்கு) உட்பட்டு, நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கான கடன் நிர்வாகியின் சொந்தச் சொத்து மேல் வந்து விழுவதும் இல்லை. ஆனால் சட்டத்துக்குப் புறம்பான ஒரு செயலை, அது தப்பு என்று தெரிந்தே கையெழுத்திட்டுச் செய்யச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு நிற்காது. தண்ணீரை வெட்டச் சொன்னது யார், பாதையை அடைக்கச் சொன்னது யார் என்று காவல் நிலையத்தில் கேட்டால், தீர்மானத்தின் அடியில் இருக்கும் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: "சங்கம் பதிவானதுதானே, அப்படியானால் எல்லா வீட்டுக்காரரும் உறுப்பினர்தானே, தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும்தானே." இந்த எண்ணத்தை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கதை வேறு. அங்கே நிலம், மொட்டைமாடி, லிஃப்ட் எல்லாம் எல்லோருக்கும் பொதுச் சொத்து, வீடு வாங்கும்போதே பொதுச்செலவில் பங்கும் சேர்ந்து வருகிறது, அதற்கென்று தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 இருக்கிறது. உங்களுடையது தனித்தனி மனை, தனித்தனிப் பட்டா. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் வருவது, அதாவது விரும்பிச் சேர்ந்தவர்களின் சங்கம். விண்ணப்பம் கொடுத்து, உறுப்பினர் பதிவேட்டில் பெயர் ஏறியவர் மட்டுமே உறுப்பினர். சங்கம் சேரும் உரிமையை அரசியலமைப்பு கொடுத்திருக்கிறது, சேராமல் இருக்கும் உரிமையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆக, சங்கத்துக்கு இருக்கும் அதிகாரம் உறுப்பினர்கள் பைலாவில் எழுதிக் கொடுத்த அளவுதான். மாநகராட்சியின் அதிகாரமோ போலீஸின் அதிகாரமோ அதற்குள் ஒளிந்திருக்கவில்லை.

அதனால் முதல் வேலையாகப் பைலாவைத் தேடி எடுங்கள். உங்கள் கையில் இல்லை என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஒரே மனுவில் உறுப்பினர் பட்டியல், கடைசியாகத் தாக்கல் செய்த வரவு செலவு ஆகியவற்றையும் கேளுங்கள். எட்டு வருடத்தில் ஒன்றும் தாக்கல் ஆகவில்லை என்றுதான் வரும் என்று நினைக்கிறேன், அதற்கும் வழி இருக்கிறது.

சங்கம் சட்டப்படி உயிரோடு இருக்கிறதா?

1975 சட்டப்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடியும் அதே ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். வருடம் ஒரு பொதுக்குழு, தணிக்கை செய்த வரவு செலவு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் மாறினால் அதற்கான படிவம் 7, இவை பதிவாளருக்குப் போக வேண்டும். பல வருடம் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் செயல்படாத சங்கம் என்று பதிவையே நீக்கிவிட வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இன்னும் அப்படி நோட்டீஸ் வரவில்லை என்பது நல்லது. விட்டுப்போன வருடங்களுக்கான தாக்கலைத் தாமதக் காரணம் எழுதி, கட்டணம் கட்டிச் சரிசெய்துவிடலாம். நம்ம ஊரில் இதைச் செய்து பழகிய ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், ஒருவரைப் பிடியுங்கள், செலவு சங்கத்துடையது.

"எதுக்கு இந்தத் தொல்லை, பதிவை விட்டுவிட்டு வாட்ஸ்ஆப் குரூப்பாகவே நடத்திக்கொள்வோம்" என்று குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நடக்காது. 20 உறுப்பினர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். எல்லா வீடும் கட்டினால் உங்கள் சந்தா மட்டுமே வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் வரும். பதிவில்லாமல் அவ்வளவு பணத்தை ஒருவர் கணக்கில் வாங்கி இன்னொருவர் செலவு செய்வது, நாளைக்கு வருமான வரியில் கேள்வி வந்தாலும் சரி, வீட்டுக்குள் சண்டை வந்தாலும் சரி, அந்த ஒருவர் தலையில்தான் முடியும். (ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓர் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை சந்தாவுக்கு விலக்கு இருக்கிறது, 400 ரூபாய்க்கு அந்தக் கவலையே வேண்டாம்.)

மே மாதக் கூட்டத்துக்கு வாட்ஸ்ஆப்பில் மட்டும்தான் அழைப்புப் போயிருக்கிறது, 31 பேர் வந்திருக்கிறார்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கவில்லை. இது பலவீனமான இடம். யாராவது உங்கள் தேர்வையே எதிர்த்தால், யார் உண்மையான நிர்வாகி என்ற சண்டையைப் பதிவாளர் தீர்த்துவைக்க மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அதனால் இன்னொரு பொதுக்குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிடுங்கள். பைலா திருத்தம் போன்ற சிறப்புத் தீர்மானத்துக்கு 21 நாள் அறிவிப்பும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். இந்தக் கூட்டத்துக்கே அந்த 21 நாளை வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பை வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இமெயிலும் அனுப்பி, இங்கே சாவி வைத்திருக்கும் உறவினர் கையிலும் ஒரு நகல் கொடுங்கள். அங்கிருந்தபடியே அவர்கள் ஓட்டுப் போடலாமா என்பது பைலாவில் இருந்தால்தான் உண்டு. குரூப்பில் கட்டைவிரல் படம் போட்டதை ஓட்டாக எண்ணிவிடாதீர்கள்.

பழைய பொருளாளர்

இதில்தான் உங்கள் கடிதத்தில் கோபம் அதிகம் தெரிகிறது. கோபம் நியாயம். ஆனால் "திருடிவிட்டார்" என்ற சொல்லைக் குரூப்பில் ஒருவர் போட்டிருக்கிறார் என்று சொன்னீர்களே, அதை உடனே நீக்கச் சொல்லுங்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-வது பிரிவு. கணக்குக் கேட்கப் போன நீங்கள் எதிரியாக நிற்க வேண்டி வரும்.

பணம் சொந்தக் கணக்கில் இருந்தது என்பதாலேயே அவர் தின்றுவிட்டார் என்று ஆகாது. சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்க பான் அட்டை, பதிவுச் சான்று, பைலா, தீர்மான நகல் என்று வங்கியில் கேட்பார்கள். இதை அலைந்து முடிக்கச் சோம்பல்பட்டு, "என் கணக்கிலேயே போடுங்க" என்று தொடங்கிய எத்தனையோ பேர் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதே சமயம், எட்டு வருடம் ஊர்ப் பணத்தைக் கையாண்ட ஒருவர் கணக்குக் காட்டுவது அவர் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, கடமை.

மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை அவருடைய வங்கிக் கணக்கில் சந்தா வரவான பக்கங்கள், செலவு விவரம், கையில் இருக்கும் பில்கள், மீதித் தொகை, ஜெனரேட்டர் வாங்கிய பில், போர் மோட்டாரின் கேரண்டி அட்டை, பூட்டுச் சாவிகள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால் கதவை அடைக்காதீர்கள்: மோட்டார் கட்டிய மெக்கானிக் யார், டீசல் எந்தப் பெட்ரோல் பங்கில் போட்டது என்று கேட்டால் பாதிக்குமேல் வெளியே வந்துவிடும். மெக்கானிக்கிடம் அவர் எழுதி வைத்திருக்கும் நோட்டு இருக்கும், காயில் சுற்றிய தேதி, எத்தனை எச்பி, எவ்வளவு வாங்கினார் என்று அதில் கிடக்கும். அவ்வளவும் சேர்த்துக்கூட ஒரு தொகைக்குக் கணக்கு வரவில்லை என்றால், அதைப் பொதுக்குழுவில் வைத்து, ஏற்றுக்கொள்வதா, திருப்பிக் கேட்பதா என்று உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும். அந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்காதீர்கள்.

கடிதத்துக்குப் பதிலே இல்லை என்றால் இரண்டு வழி. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள், அல்லது நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர், மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுத்தால் சங்கத்தின் நிதி நிலை பற்றி அவர் விசாரணை நடத்த 1975 சட்டத்தின் 36-வது பிரிவு இடம் கொடுக்கிறது. நம்பிக்கை மோசடி என்று போலீஸில் புகார் கொடுப்பது மற்றது, பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவு. முதல் வழியை முடித்துவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். புகார் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேச மாட்டார், வக்கீல்தான் பேசுவார், உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் பெயர்கூடக் கிடைக்காது. பணத்தைத் திருப்பிக் கேட்டு சிவில் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரையறை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பாக்கிச் சந்தா

தண்ணீரை வெட்டாதீர்கள். அது சங்கத்தின் போர்தான், சங்கத்தின் தொட்டிதான், சரி. ஆனாலும் குடிதண்ணீரை வாழும் உரிமையின் பகுதியாக நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஒரு வீட்டில் வயசானவரோ கைக்குழந்தையோ இருந்து, அவர்கள் ஒரு மனுவோடு முன்சீப் கோர்ட்டில் போய் நின்றால் முதல் நாளே இடைக்காலத் தடை கிடைத்துவிடலாம். அப்புறம் 9,600 ரூபாய் பாக்கிக்காகச் சங்கம் வருடக்கணக்கில் வாய்தாவுக்கு நடக்கும். போர்டில் பெயர் எழுதுவதும் வேண்டாம். பொதுக்குழுவில் வைக்கும் வரவு செலவில் பாக்கிப் பட்டியல் இருக்கலாம், அது கணக்கு. தெருவில் போகிறவர் எல்லாம் பார்க்கும் போர்டு அவமானப்படுத்துவதற்கு.

அந்த 13 வீடுகளும் ஏன் கட்டவில்லை என்று யாராவது போய்க் கேட்டீர்களா? உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. ஐந்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஒரு சொட்டுத் தண்ணீர் எடுப்பதில்லை. மூன்று வீடுகளில் சொந்தப் போர். மீதி ஐந்து பேரும், "கணக்கைக் காட்டுங்க, கட்டுறோம்" என்று பழைய தலைவரிடம் சொன்னவர்கள். இந்த ஐந்து பேரைச் சந்தா கொடுக்காதவர்கள் என்று திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு வருடமாக உங்கள் சங்கத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள்தான். கணக்கை ஒழுங்குபடுத்தி, ஒரு பக்கத் தாளில் வரவு செலவை அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். கேட்காமலே கட்டுவார்கள்.

மற்ற வீடுகளுக்காகச் சந்தாவை இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீர் எடுப்பவருக்குத் தண்ணீர்க் கட்டணம், எல்லோருக்கும் பயன்படும் காவல், ஜெனரேட்டர் பராமரிப்புக்குப் பொதுச்சந்தா. பூட்டிய வீட்டுக்காரர் இரண்டாவதை மட்டும் கட்டட்டும். உறுப்பினர் இல்லாத வீட்டிடம் பொதுச்சந்தாவை உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கான கட்டணத்தைக் கேட்கலாம், அதை எழுதி ஓர் ஒப்பந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தெருவிளக்கு பல்பு, கழிவுநீர் ஓடை தூர்வாருவது, ரோட்டுக் குழிக்கு மண் அடிப்பது எல்லாம் சந்தாவில் செய்கிறீர்கள். ஏன்? அது மாநகராட்சி வேலை, அதற்குத்தான் 68 வீடும் வீட்டு வரி கட்டுகிறது. நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை, ஆக வருடத்துக்கு இரண்டு தடவை அந்த ஓடை நிறையும். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் சங்கத்தின் லெட்டர்பேடில் ஆணையாளருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் மனுக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். நகர்ப்புறத்தில் 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் கூட்டம் நடக்கும் (நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே நவம்பர் 1 என்பதால் நமக்கு அந்தத் தேதி மறக்காது). பத்துப் பேராகப் போய் ஓடை விஷயத்தைப் பதிவு செய்யுங்கள். இந்தச் செலவுகள் கழிந்தால் பொதுச்சந்தா எவ்வளவு குறையும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் கட்ட மறுத்தால், நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் இல்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதும் முடிவு தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. ஒரு மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கே தனியாக ஆலோசனை வேண்டும் என்றாலும் அங்கே போகலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

கேட், பாதை, பூங்கா

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது சாலைகளையும், பெரிய மனைப்பிரிவாக இருந்தால் சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வைப்பார்கள். கொடுத்த நாளிலிருந்து அவை பொதுச் சொத்து. உங்கள் மனைப்பிரிவில் பேரூராட்சி பெயரில் எழுதியிருப்பார்கள், இப்போது அந்த உரிமை மாநகராட்சிக்கு. அப்படி எழுதியிருந்தால் அந்த ரோட்டில் சங்கம் கேட் வைத்ததே கேள்விக்குரியது, பூட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. காவலாளி கூண்டு, வருகிறவர்களைக் கவனிக்கிற ஒரு ஆள், தெருவைப் பார்த்த கேமரா (அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்காமல்) என்று வைத்துக்கொள்ளுங்கள், திருட்டு பயத்துக்கு அது போதும்.

தானப்பத்திரம் இருக்கிறதா என்று தெரியவில்லை என்கிறீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சிக்கு ஒரு மனு: அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடம், சாலை மற்றும் பூங்காவுக்கான தானப்பத்திர நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். கூடவே பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுக்காமலே விட்டு, பின்னால் அதே இடத்தை மனையாக விற்கப் பார்த்த கதைகள் உண்டு. அப்படி இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது உங்களுக்குத்தான் லாபம்.

பின்பக்கத்து ஊர்க்காரர்கள் விஷயத்தில் உங்கள் குழு கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். "அவங்க நம்ம இடத்து வழியா வர்றாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வயலாக இருந்த காலத்தில் வரப்பு வழியாகக் குளத்துக்குப் போனவர்கள் அவர்கள். மனை போட்டதுதான் பிறகு. 20 வருடத்துக்கு மேல் தடையில்லாமல், உரிமையாக ஒரு பாதையைப் பயன்படுத்தியவருக்கு, நிலம் வேறொரு தனியாருடையதாக இருந்தாலும் வழி உரிமை வரலாம். பழைய சர்வே வரைபடத்தில் நடைபாதையாகவே குறித்திருந்தால் வாதமே தேவையில்லை. 1956-க்கு முந்தைய ஆவணம் என்றால் திருவிதாங்கூர் காலத்தது, மலையாளத்தில் இருக்கலாம், படிக்கத் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். மறித்தால் அவர்களும் காவல் நிலையம் போவார்கள், கோர்ட்டுக்கும் போவார்கள். அதைவிட முக்கியம், தலைச்சுமையாகத் தேங்காய் சுமந்து போகும் ஒரு பாட்டியை ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வைத்து உங்கள் தெருவுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?

மண்டபம் கட்டும் தீர்மானத்தை ஒரே வரியில் நிராகரித்துவிடுங்கள். பூங்கா இடத்தைப் பூங்காவாக மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. மண்டபமோ, கோவிலோ, குருசடியோ, எதைக் கட்டினாலும் இடிக்கச் சொல்லி உத்தரவு வரும்போது செலவழித்த பணம் திரும்பாது. மரம் நடுவதற்கும் நடைபாதை போடுவதற்கும் மாநகராட்சியிடம் அனுமதி கேளுங்கள்.

வாடகைத் தீர்மானமும் அப்படித்தான். என் வீட்டை யாருக்கு வாடகைக்குக் கொடுப்பது என்பது என் உரிமை, சங்கம் அதில் தலையிட முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்லி நினைவூட்டலாம், சத்தம், குப்பை பற்றிய விதிகளை வாடகைக்காரர் கையிலும் ஒரு நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான். இரவுப் பணி முடித்து அதிகாலையில் ஸ்கூட்டியில் வரும் ஒரு செவிலியரைப் பார்த்து முணுமுணுக்கிற தெருவில், அடுத்த வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தால் கூப்பிடப் போவது அந்தப் பெண்ணைத்தான். முடிந்தால் வாடகைக்கு இருப்பவர்களை ஓட்டு இல்லாத இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப் பைலாவில் ஒரு விதி சேருங்கள்.

ராஜினாமா

இப்போது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், மே முதல் இன்று வரை வந்த சந்தாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி உங்களைத் தேடி வரும். அந்தக் காலத்துக்கு நீங்கள்தான் செயலாளர் என்று ஊரே சொல்லும். அதனால் மூன்று காரியம் முடியும் வரை இருங்கள்: சங்கப் பெயரில் இரண்டு பேர் கையெழுத்தோடு வங்கிக் கணக்கு, முறையான பொதுக்குழு, விட்டுப்போன தாக்கல். அந்தத் தீர்மானத் தாளை நீட்டியவர்களிடம், "இதெல்லாம் பொதுக்குழுவின் பொருளாக வைப்போம், அங்கே பேசிக்கலாம்" என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால் உங்கள் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்திலேயே உங்கள் கைப்பட எழுதித் தேதி போடுங்கள்.

அதற்குப் பிறகும் முடியவில்லை, உடம்புக்கு ஆகவில்லை என்றால் தாராளமாக விலகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கணக்கு நோட்டு, ரசீதுப் புத்தகம், வங்கிப் புத்தகம், சாவிகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரை நீக்கிப் புதிய செயலாளர் பெயரோடு படிவம் 7 பதிவாளரிடம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையும் உங்கள் கையில் வரட்டும், அது வராதவரை பதிவேட்டில் நீங்கள்தான் செயலாளர்.